கடதாசியா? காகிதமா?

1972ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்து வெளிவந்த தமிழ் நாளிதழ் ஒன்றின் ஞாயிறு வாரமலர்ப் பகுதியில் நான் உதவியாசிரியனாக இருந்தேன். உதவியாசிரியன் என்பது பெயரளவில்தான். ஒப்புநோக்குவது, வாசகர் கடிதங்களைப் பிரிப்பது, சிறுவர் பகுதிக்கு வரும் கவிதைகளில் எதுகை மோனையைத் திருத்துவது ஆகிய எல்லாமே என் தலையில்தான் விழும். அவற்றோடு சேர்த்து என்னிடம் ஒப்படைக்கப்பட்ட மற்றொரு பொறுப்பு குறுக்கெழுத்துப் போட்டி. அதுவரை அதைத் தயாரித்து வந்த முதியவர் ஓய்வுபெற்றுச் சென்றதும், "தமிழ் படித்த பொடியன்தானே, செய்யட்டும்" என்று ஆசிரியர் கூறிவிட்டார்.

அந்தப் போட்டியில் ஒரு வாரம் நான் கொடுத்திருந்த குறிப்பு மிகவும் எளியது. இடமிருந்து வலம்: "எழுதுவதற்கு வேண்டியது (4)". நான் மனத்தில் வைத்திருந்த விடை 'காகிதம்'. அதன் மூன்றாம் எழுத்தாகிய 'த'விலிருந்து மேலிருந்து கீழாக ஒரு சொல் இறங்கியது. அதற்கான குறிப்பு: "செல்வரிடமிருந்து வறியவர் எதிர்பார்ப்பது (3)". விடை 'தனம்'. கட்டம் அச்சேறிற்று. நான் அதை மறந்தும் போனேன்.

பத்து நாட்களுக்குப் பின்னர் தபாலட்டைகளைப் பிரித்தபோதுதான் வினை தெரிந்தது. கொழும்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்தவற்றில் பெரும்பாலானவை 'காகிதம்', 'தனம்' என்றிருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்தவற்றில் பாதிக்கு மேல் 'கடதாசி', 'தானம்' என்றிருந்தன. வாசகர்கள் ஒரு தாளை எடுத்துக் கட்டம் வரைந்து பார்க்கலாம். 'கடதாசி'யும் நான்கெழுத்து, 'காகித'மும் நான்கெழுத்து. மூன்றாம் எழுத்து முன்னதில் 'தா', பின்னதில் 'த'. 'தானம்', 'தனம்' இரண்டும் மூன்றெழுத்து. வறியவர் செல்வரிடம் இரண்டையும் எதிர்பார்க்கிறார். ஒரே கட்டத்துக்கு இரண்டு முழுமையான விடைகள். நான் முயன்றிருந்தாலும் இப்படி ஒன்றைத் திட்டமிட்டு அமைத்திருக்க முடியாது.

குறுக்கெழுத்தைத் தமிழில் அமைப்போருக்கு இத்தகைய பொறிகள் அதிகம். ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்துகள், நமக்கு 247. உயிரெழுத்துச் சொல்லின் முதலிலேயன்றி வராது. அளபெடை மட்டுமே விதிவிலக்கு. மெய்யெழுத்துச் சொல்லின் முதலில் வராது. ஆகவே புள்ளி வைத்த எழுத்து விழுந்த கட்டத்திலிருந்து வேறொரு சொல்லைத் தொடங்க இயலாது. ஆங்கிலக் கட்டங்களைப் போலச் சொற்களை நெருக்கமாகப் பின்ன முடியாமல் தமிழ்க் கட்டங்கள் கறுப்புச் சதுரங்கள் நிறைந்து, ஒரு சொல்லை ஓரிடத்தில் மட்டும் இன்னொரு சொல் வெட்டுவதாக அமைந்துவிடும். வெட்டுமிடம் குறைந்தால் ஐயம் பெருகும். என் கட்டத்தில் 'காகித'த்தைக் காப்பாற்ற ஒரேயொரு 'த' மட்டுமே இருந்தது; அதுவும் காட்டிக்கொடுத்துவிட்டது.

ஆசிரியரிடம் கொண்டு சென்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "கடதாசி பேச்சு வழக்கு. பத்திரிகையில் எழுதுவது காகிதம். அந்த அட்டைகளைத் தள்ளிவிடும்" என்றார். சரியான விடைகளைக் குலுக்கி ஒருவருக்குப் பத்து ரூபா பரிசளிப்பது வழக்கம். 'கடதாசி' எழுதிய அட்டைகள் குலுக்கலில் சேர்க்கப்படவில்லை. நான் மறுத்து ஒன்றும் கூறவில்லை. இதில் என்னை இன்றுவரை உறுத்துவது ஒன்றுண்டு. யாழ்ப்பாணத்து வீட்டில் 'கடதாசி' என்று சொல்லியே வளர்ந்தவன் நான். அம்மா கடைக்கு அனுப்பும்போது துண்டுக் கடதாசியில்தான் சாமான் எழுதித் தருவார். மாமாமார் திண்ணையில் அமர்ந்து கடதாசி விளையாடுவார்கள். சீட்டாட்டத்துக்கு எங்களூரில் அதுதான் பெயர். பத்திரிகை அலுவலகத்தின் படியேறிய மறுகணமே அந்தச் சொல் எனக்குக் கொச்சையாகிவிட்டது. கட்டத்தை அமைத்தபோது அது என் நினைவில் எழவேயில்லை.

விடைகள் வெளியான அடுத்த வாரம் வலிகாமத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, ஓய்வுபெறும் வயதை நெருங்கிய பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் எழுதிய கடிதம் வந்தது. புல்ஸ்காப் தாளில் இருபுறமும் நெருக்கி எழுதிய நான்கு பக்கங்கள். அக்கடிதத்தை நான் பாதுகாக்கவில்லை. ஆனால் அதன் வாதம் நன்கு நினைவிருக்கிறது. 'கடதாசி' போர்த்துக்கேயர் வழி வந்த அந்நியச் சொல் என்பதால் தள்ளினீர்களாயின், 'காகிதம்' மட்டும் எங்கே முளைத்தது? தங்கள் கந்தோரில் அலுமாரியைத் திறந்து கடதாசி எடுக்கிறீர்களே, அந்தக் கந்தோர் ஒல்லாந்தருடையது, அலுமாரி போர்த்துக்கேயருடையது. அவற்றை எப்போது தள்ளப் போகிறீர்கள்? தூய தமிழ்தான் வேண்டுமென்றால் 'தாள்' என்று எழுதும். அது இரண்டெழுத்து, கட்டத்துக்குப் போதாது. இதுவே அவரின் வாதம்.

அவர் கூறியதில் பிழையில்லை. சீன அரசவையில் சாய் லுன் என்ற அதிகாரி தாள் செய்யும் முறையை அறிவித்த ஆண்டு கி.பி. 105 என்று மரபாகக் குறிப்பிடுவர். எட்டாம் நூற்றாண்டில் அது மத்திய ஆசியாவின் சமர்கந்தை அடைந்து, அங்கிருந்து அரபு உலகெங்கும் பரவியது. பாரசீகர் அதைக் 'காகஸ்' என்றனர். அச்சொல்லே இந்திய மொழிகள் பலவற்றுள் நுழைந்து தமிழில் 'காகிதம்' ஆயிற்று. முந்நூறு நானூறு ஆண்டுகள் புழங்கியதும் அதன் அந்நியம் கரைந்து, சமஸ்கிருதம் போலவும் தமிழ் போலவும் ஒரு கௌரவம் பெற்றுக்கொண்டது.

'கடதாசி' வந்த வழி வேறு. தமிழ்நாட்டிலும் 'கடுதாசி' என்ற வடிவில் அது உண்டு. அங்கே கடிதத்தைக் குறிக்கும். போர்த்துக்கேயரின் 'கார்த்தாஸ்' என்ற சொல்லே அதன் மூலம் என்பது அறிஞர் கொள்கை. இந்தக் கார்த்தாஸ் சாதாரணத் தாளன்று. 16ஆம் நூற்றாண்டில் இந்து சமுத்திரத்தில் ஓடும் வணிகக் கப்பல்களுக்குப் போர்த்துக்கேயர் விற்ற அனுமதிப் பத்திரம் அது. அது கையிலில்லாத கப்பலை மறித்துப் பொருளைப் பறித்தார்கள். கரையோரத்து மக்கள் தாளை முதன்முதலில் அறிந்தது எழுதும் பொருளாகவன்று, கடலில் உயிரோடு செல்வதற்கான சீட்டாக என்று எண்ணும்போது மனம் ஒருகணம் நிற்கிறது. நான்கு நூற்றாண்டுகள் கழித்து வவுனியாவில் 'பாஸ்' பெறுவதற்காக வரிசையில் நின்ற நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் போர்த்துக்கேயர் முழுமையாகக் கைப்பற்றியதும் காணிகளைப் பதிந்த ஏடு 'தோம்பு' எனப்பட்டது. அதுவும் அவர்களின் சொல்லே. 1658இல் வந்த ஒல்லாந்தர் தோம்பைப் புதுப்பித்தார்கள்; சொல்லை மாற்றவில்லை. கடதாசியோடு வந்தவர்கள் முதலில் எழுதியது நம் நிலத்தைத்தான்.

இத்தனைக்கும் முன்பே நமக்கு எழுதுபொருள் இருந்தது. பனை இருந்தது. ஓலை, ஏடு, மடல் ஆகிய மூன்றும் மரத்தின் உறுப்புகள். மூன்றும் எழுத்துக்கு வந்து சேர்ந்தன. ஓலை கடிதமாயிற்று. ஏடு நூலாகிப் பின் நாளேடும் வாரஏடும் ஆயிற்று. விஜயதசமி நாளில் பிள்ளைக்கு எழுத்தறிவிப்பதை யாழ்ப்பாணத்தார் இன்றும் 'ஏடு தொடக்குதல்' என்கின்றனர். பத்திரம் என்பதற்கும் வடமொழியில் இலையென்றே பொருள், அதிலிருந்துதான் பத்திரிகை. இதழோ பூவிலிருந்து வந்தது. குறுக்கெழுத்து அமைப்பவனுக்கு இவை பெரும் புதையல். "பாலின் மேலும் படியும், பாடலும் அதில் எழுதப்படும் (2)" என்றால் ஏடு. "ஒடி, அரசாங்கம் கடன் வாங்கக் கொடுப்பதும் அதுவே (2)" என்றால் முறி. ஓலை நறுக்கில் எழுதிய கடன் உடன்படிக்கைக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அது. இன்றும் அரசாங்கம் கடன் வாங்க வெளியிடுவது திறைசேரி முறிதான். 2015இன் முறி மோசடிச் செய்திகளைத் தொகுத்தவர்களுள் எத்தனை பேர் பனையோலையை நினைத்திருப்பார்கள்? வரவு செலவுத் திட்டத்தில் துண்டு விழும் தொகை என்று ஆண்டுதோறும் எழுதுகிறோமே, அந்தத் துண்டையும் இப்பட்டியலில் சேர்க்க விரும்புகிறேன். ஆனால் அதற்கு என்னிடம் ஆதாரமில்லை, ஆசை மட்டுமே.

ஆசிரியரின் கடிதத்துக்கு நாங்கள் பதில் எழுதவில்லை, பிரசுரிக்கவுமில்லை. ஆனால் அவர் போட்டியைக் கைவிடவில்லை. வாரம் தவறாமல் தபாலட்டை வரும். விடைகள் எப்போதும் சரியாக இருக்கும். அடியில் ஒரே வரி: "பி.கு.: கடதாசியும் சரி." முதலில் எரிச்சலாக இருந்தது. பின்னர் அந்த வரி வந்துவிட்டதா என்று பார்ப்பது ஞாயிறு இதழின் வேலைகளுள் ஒன்றாகிவிட்டது.

இங்கே குறுக்கெழுத்தின் வரலாற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் என்பவர் 1913 டிசம்பர் 21இல் 'நியூயோர்க் வேர்ல்ட்' பத்திரிகையில் சாய்சதுர வடிவக் கட்டம் ஒன்றை வெளியிட்டார். அதற்கு அவர் இட்ட பெயர் 'வேர்ட்-கிராஸ்'. சில வாரங்களில் அச்சுக்கோப்பதில் ஏற்பட்ட தவறால் அது தலைகீழாகி 'கிராஸ்-வேர்ட்' ஆகி, அப்படியே நிலைத்துவிட்டது. அச்சுப்பிழையால் பிறந்த பெயரைத் தாங்கிய ஒரு பகுதி என்பதால் ஒப்புநோக்காளனாகத் தொடங்கிய எனக்கு அதன்மீது தனிப் பிரியம். 1924இல் சைமன் அன் சூஸ்டர் நிறுவனம் பென்சில் ஒன்றையும் இணைத்து முதல் குறுக்கெழுத்து நூலை விற்றது. 1930 பெப்ரவரி 1இல், நெடுநாள் முகஞ்சுளித்திருந்த லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையும் பணிந்தது. நம்மிடம் இந்த வடிவம் மேற்கிலிருந்தே வந்தது. எனினும் சொல்லை வைத்து விளையாடும் குணம் புதிதன்று. தண்டியலங்காரம் கூறும் சித்திரக்கவி வகைகளுள் வினாவுத்தரம் என்று ஒன்றுண்டு. பல வினாக்களின் விடைகள் ஒன்றுசேர்ந்து ஒரு சொல்லாகும். எங்கள் ஊர்ப் பாட்டிமார் மாலையில் போடும் நொடிகளும் அதே இனந்தான்.

ஆங்கிலக் கட்டங்களில் தாள் பற்றிய சொற்கள் சலிப்பூட்டும் அளவுக்கு வரும். எங்கள் அலுவலகத்தில் ஆங்கில நாளிதழ்களின் கட்டத்தைத் தேநீர் வேளையில் தீர்க்கும் கூட்டம் ஒன்றிருந்தது. "அச்சகத்துக்கு வந்த பொதி" என்றால் கண்ணை மூடிக்கொண்டு 'ரீம்' என்று நிரப்புவார்கள். அதுவும் அரபு மொழியில் கட்டு என்று பொருள்படும் 'ரிஸ்மா'விலிருந்து கிளைத்தது. இருபத்துநான்கு தாள் ஒரு குயர், இருபது குயர் ஒரு ரீம் என்பது பழைய கணக்கு, 480 வரும். இப்போது 500. புல்ஸ்காப் என்றால் கோமாளியின் தொப்பி; அந்தத் தொப்பியைத் தாளில் நீர்க்குறியாகப் பதித்த காலத்தின் எச்சம். எங்கள் அரசாங்க விண்ணப்பங்களையெல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கோமாளித் தொப்பியில்தான் எழுதினோம்.

வேடிக்கை இத்தோடு நிற்கட்டும். 1970களின் முற்பகுதியில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் இறக்குமதிக் கட்டுப்பாடும் சேர்ந்து பத்திரிகைத் தாளை அருமைப் பொருளாக்கின. 1973இல் உலகச் சந்தையிலும் தாள் அருகியது. பக்கங்களைக் குறைப்பது பற்றி எங்கள் ஆசிரியபீடத்தில் கூட்டம் நடந்தது. எதை நீக்குவது? விளம்பரத்தை நீக்க முடியாது. மரண அறிவித்தலை நீக்கினால் பத்திரிகையை வாங்கமாட்டார்கள். அமைச்சர்களின் உரையை நீக்கினால் வேறு வில்லங்கம். ஐந்து நிமிடத்தில் முடிவாயிற்று: குறுக்கெழுத்து. தாள் குறையும்போது முதலில் வெளியேறுவது அதுதான் என்பதைப் பின்னரும் பலமுறை கண்டேன். தலையங்கத்தை நிறுத்தினால் ஒருவரும் எழுதமாட்டார். கட்டத்தை நிறுத்தியதும் சாக்கு நிறையக் கடிதங்கள் வந்தன. மூன்று மாதங்களில் பாதி அளவில் அதை மீண்டும் போட்டோம்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானியப் பத்திரிகைகள் தாள் பங்கீட்டால் நான்கு பக்கங்கள் வரை சுருங்கின. ஆயினும் 'டெய்லி டெலிகிராவ்' தன் குறுக்கெழுத்தை விட்டுவிடவில்லை. அதன் விளைவாகவே 1944இல் அந்த விசித்திரமான சம்பவம் நிகழ்ந்தது. நோர்மண்டித் தரையிறக்கத்துக்குச் சில வாரங்களின் முன்னர் யூட்டா, ஒமாஹா, ஓவர்லோட், மல்பெரி, நெப்டியூன் என்ற இரகசியக் குறிச்சொற்கள் ஒவ்வொன்றாகக் கட்டத்தில் விடைகளாக வந்தன. கட்டத்தை அமைத்த லெனார்ட் டோ என்ற பள்ளிக்கூடத் தலைமையாசிரியரை உளவுத்துறையினர் விசாரித்துவிட்டு, குற்றமற்றவர் என்று விட்டுச் சென்றார்கள். எங்கள் நாட்டில் அக்காலத்தில் குறுக்கெழுத்துக்காக ஒருவரும் விசாரிக்கப்படவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் விசாரிக்கப்பட்டோம்.

இலங்கை தனக்கு வேண்டிய தாளைத் தானே செய்ய முயன்றதும் உண்டு. சுதந்திரத்தின் பின்னர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் காகித ஆலை ஆகிய மூன்றுக்கும் வித்திடப்பட்டது. வாழைச்சேனை ஆலை 1950களின் நடுப்பகுதியில் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் முக்கிய மூலப்பொருள் நெல் வைக்கோல். பரந்தனில் செய்த எரிசோடாவும் குளோரினும் இத்தகைய ஆலைகளுக்கு இன்றியமையாதவை. ஒன்றின் விளைபொருள் மற்றொன்றின் தேவையாக அமைந்த திட்டம் அது. 'தாள்' என்றால் பயிரின் தண்டு, வைக்கோல் என்று பேரகராதி கூறும். மட்டக்களப்பு வயல்களின் தாள் வாழைச்சேனையில் தாளாயிற்று. பள்ளிப் பிள்ளைகளின் கொப்பிகள் அந்தத் தாளில் வந்தன. இலேசான மஞ்சள் நிறம், சற்றே சொரசொரப்பு, மை ஊறும். நாங்கள் அதைப் பழித்தோம். போரும் நிர்வாகச் சீர்கேடும் அந்த ஆலையை முடக்கியபோதுதான் அதன் அருமை தெரிந்தது. 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. அதே மாதம் 'ஐலண்ட்', 'திவயின' ஆகிய இரு பத்திரிகைகளின் சனிக்கிழமை அச்சுப் பதிப்புகள் நிறுத்தப்பட்டன. அச்செய்தியை நான் கணினித் திரையில்தான் வாசித்தேன்.

தாளோடு செய்யக்கூடியவை எவை என்று ஒரு கட்டம் அமைக்கச் சொன்னால் எழுது, மடி, கிழி, ஒட்டு, கசக்கு, சுருட்டு என்று அடுக்கலாம். தமிழில் இவை பலவற்றுக்கு இரட்டைப் பொருளுண்டு. மடி என்றால் இறந்துபோ. கிழி என்றால் புலவனுக்கு மன்னன் கொடுத்த பணமுடிப்பு. "யாழ்ப்பாணத்தார் புகைப்பது; தாளையும் செய்யலாம், பொதுப்பணத்தையும் செய்யலாம் (4)" என்ற குறிப்புக்கு எனக்கு நிறையப் பாராட்டுக் கிடைத்தது. இந்த அடுக்கில் 'எரி' என்ற சொல்லை நான் 1981க்குப் பின்னர் ஒருபோதும் பயன்படுத்தவில்லை.

1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன; ஓலைச்சுவடிகளும் அழிந்தன. அதே வன்செயலில் 'ஈழநாடு' பத்திரிகையின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. ஓலை, ஏடு, காகிதம், கடதாசி, இதழ், பத்திரிகை என்று நான் மேலே பிரித்துப் பிரித்து எழுதியவையெல்லாம் ஓரிரவில் ஒரே சாம்பலாயின. அந்தத் தீயைத் தொலைவிலிருந்து கண்ட அதிர்ச்சியில் தாவீது அடிகள் உயிர்நீத்தார் என்று யாழ்ப்பாணத்தில் கூறுவார்கள். நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரின் வழியில் தமிழ்ச் சொற்களின் வேர்களைப் பிறமொழிகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்த பெரியார் அவர். காகிதம் எங்கிருந்து வந்தது, கடதாசி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் கூறக்கூடிய மிகச் சிலருள் ஒருவர்.

அந்த வாரமும் வலிகாமத்திலிருந்து தபாலட்டை வந்தது. விடைகள் எல்லாம் நிரப்பப்பட்டிருந்தன. பி.கு. மட்டும் இல்லை.

1990இல் போர் மீண்டும் மூண்டதன் பின்னர் அந்த அட்டைகளும் நின்றுபோயின. வடபகுதிக்குச் செல்லும் பொருட்கள்மீது தடைகள் விதிக்கப்பட்டன. எரிபொருள், மின்கலம், சீமெந்து என்று நீண்ட பட்டியல். பத்திரிகைத் தாளும் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் பள்ளிக்கூடக் கொப்பிகளுக்குரிய கோடு போட்ட தாளில் அச்சாகின. செய்தியும் கோடும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். அதை மக்கள் ஜாம் போத்தல் விளக்கின் ஒளியில் வாசித்தார்கள். கொழும்புக்கு எப்படியோ வந்து சேர்ந்த ஒரு பிரதியை நான் கையில் வைத்துப் பார்த்தேன். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடி மிஷனரிமார் தாள் பற்றாக்குறையால் ஜெர்மனியிலிருந்து வந்த பெரிய தமிழ் எழுத்துகளைக் கைவிட்டுச் சிறிய எழுத்துகளை வார்த்த கதை நினைவுக்கு வந்தது. இங்கே எழுத்தைச் சிறிதாக்கியதோடு பக்கத்தையும் சிறிதாக்கியிருந்தார்கள். பத்திரிகை நின்றுவிடவில்லை. எனக்குத் தாளின் நான்கு மூலையிலும் கண் ஓடியது. குறுக்கெழுத்து இருக்கிறதா என்று தேடியிருக்கிறேன். இருக்கவில்லை.

2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறக்கப்பட்டதும் யாழ்ப்பாணம் சென்றேன். வந்த வேலைகள் முடிந்த பின்னர், முப்பதாண்டுகள் மனப்பாடமாகியிருந்த விலாசத்தைத் தேடிச் சைக்கிளில் புறப்பட்டேன். வீட்டின் ஒரு பக்கச் சுவர் மட்டும் புதிதாக இருந்தது. மாஸ்ரர் சாய்மனைக் கதிரையில் இருந்தார். எண்பத்தைந்து கடந்த வயது. பெயரைச் சொன்னதும் அவருக்குப் புரியவில்லை. குறுக்கெழுத்துப் பகுதி என்றதும் நிமிர்ந்தார்.

"தம்பி, நீர்தானே அது? என்ரை அட்டையைக் குலுக்கலிலை போடயில்லை நீர்."

"ஓம் மாஸ்ரர். பிழை என்னுடையது" என்றேன்.

அவர் மனைவியிடம் கூறி உட்புறத்திலிருந்து ஒரு பையை எடுப்பித்தார். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே வீதியால் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது கொண்டு சென்ற பையாம். அந்த இரவில் எல்லோரும் எடுத்துச் சென்றவை ஏறக்குறைய ஒன்றே: காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு. அவர் பையில் அவற்றோடு கொப்பி ஒற்றைகளும் ஒரு கட்டு இருந்தன. (ஒரு தாளை எங்களூரில் ஒற்றை என்போம்.) ஒவ்வொன்றிலும் பென்சிலால் வரைந்த கட்டங்கள். பத்திரிகையில் கட்டம் வராத அந்த ஆண்டுகளில் அயல்வீட்டுப் பிள்ளைகளுக்காக அவரே அமைத்தவை. தாள் கிடைக்காதபோது விடைகளை அழித்துவிட்டு அதே கட்டத்தை அடுத்த பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறார். பல தாள்கள் அழித்து அழித்து மென்துணி போலாகியிருந்தன.

ஒன்றைப் புரட்டினேன். "எழுதுவதற்கு வேண்டியது (4)" என்றிருந்தது. வெட்டுமிடத்தைப் பார்த்தேன். மூன்றாம் எழுத்தை எந்தச் சொல்லும் தொடவில்லை. இரண்டு விடையும் பொருந்தும்படி வேண்டுமென்றே விட்டிருந்தார்.

நான் பணப்பையிலிருந்து பத்து ரூபாத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினேன். வாங்கமாட்டார் என்று எண்ணியிருந்தேன். வாங்கிக்கொண்டார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சட்டைப்பையில் வைத்தார். பின்னர் உட்புறம் திரும்பி, "இஞ்சை, ஒரு கடதாசி கொண்டாரும்" என்று குரல் கொடுத்தார். வந்த ஒற்றையில் பாதியைக் கிழித்து, 1972ஆம் ஆண்டுப் போட்டிக்கான பரிசுத்தொகை ரூபா பத்து பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, திகதியிட்டு, கையொப்பமிட்டுத் தந்தார். மறுபாதியை மடித்துத் தமது கட்டில் வைத்துக்கொண்டார்.